கிளட்ச் இல்லாத வண்டி

செப்டம்பர் 14

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்களிடம் கார் ஓட்டப் படிக்கிறவர்கள் எல்லாரும் உங்களை மாஸ்டர் என்கிறார்கள். கல்யாணமான புதிதில் எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. இப்போது கோபமாக இருக்கும்போதுகூட வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

போனில் பேசினால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் குறுக்கே வந்துவிடுகிறீர்கள். நான் கத்துகிறேன், நீங்கள் போனை வைத்துவிடுகிறீர்கள், நம் பெண் குட்டி இரண்டு பேரோடும் பேசாமல் இருந்துவிடுகிறாள். அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தாளோடு நீங்கள் சண்டை போடலாம், ஆனால் குறுக்கே பேச முடியாது.

செய்தி இதுதான். எனக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது.

போன தடவை தோற்றதை உங்களிடம் சொல்லவில்லை. கியர் வண்டியில் போனேன். சிக்னல் ஒரு மேட்டில் இருந்தது. பச்சை விழுந்ததும் வண்டி பின்னால் போனது, அணைந்தது, கிளப்பினேன், மறுபடி அணைந்தது. பின்னால் இருந்தவர்கள் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு, இந்த நாட்டில் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பெண், "கரண்ட் வண்டியில முயற்சி பண்ணிப் பாக்கறீங்களா?" என்று கேட்டாள். பார்த்தேன். நேற்றுத் தேர்வு நடத்திய ஆள் சிரிக்கவே தெரியாதவர். முடிந்ததும், "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். பிரசவம் பார்க்கிற நர்ஸ் என்றேன். "அதான் அவசரப்படாம ஓட்டறீங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுக்கக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கும். மைதானத்தை ஒரு சுற்று முடிப்பதற்குள் "கிளட்ச், கிளட்ச்" என்று நீங்கள் போட்ட சத்தத்தில், சாவியை உங்கள் மடியில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தவள் நான். அவள்தான் இன்றைக்கு இதை எழுதுகிறாள்.

இது எனக்கு வெறும் அட்டை இல்லை, மாஸ்டர். வயிற்றுப்பிள்ளைக்காரிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் இங்கே என் வேலை. மலைப்பக்கத்து வீடுகளுக்கு பஸ் கிடையாது. இதுவரை எங்கள் பிரிவின் தலைவி பெரிய சிஸ்டரின் வண்டியில் தொற்றிக்கொண்டு போனேன். சொந்தமாக ஓட்டினால்தான் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் உங்களையும் குட்டியையும் இங்கே அழைத்துக்கொள்ள முடியும்.

ஒரு வார்த்தை நல்லதாக எழுதுங்கள்.

உங்கள் மனைவி

*

செப்டம்பர் 18

சிஸ்டர் அம்மாவுக்கு,

நர்ஸ்களை எல்லாரும் கூப்பிடுகிற மாதிரியே கட்டின பெண்டாட்டியையும் சிஸ்டர் என்று கூப்பிட்டு, உன் அம்மாவிடம் திட்டு வாங்கினவன் நான். அந்தப் பழக்கம் போகாது.

லைசென்ஸ் கிடைத்ததில் சந்தோஷம். நல்ல வார்த்தை எழுதியாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய லைசென்ஸ் அட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி வரியில் சின்னதாக ஒரு எண் போட்டிருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம் என்று தேடினேன். கிளட்ச் இல்லாத வண்டி மட்டும்தான் ஓட்டலாமாம். அப்படியென்றால் அது அரை லைசென்ஸ். கிளட்ச் இல்லாமல் ஓட்டுவது, குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கையை மட்டும் வீசிவிட்டு நீந்தினேன் என்று சொல்வது மாதிரி. என்னிடம் படித்தவர்கள் லாரி ஓட்டுகிறார்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார்கள், ஒருத்தி தீயணைப்பு வண்டியே ஓட்டுகிறாள். என் வீட்டுக்காரிக்கு மட்டும் பொம்மைக் கார்.

சரி, போகட்டும். வண்டி வாங்குவதென்றால் ஹைப்ரிட் வாங்கு. அதிலும் கிளட்ச் இல்லை, உன் அரை லைசென்ஸ் போதும். பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு. ஒன்று கைவிட்டால் இன்னொன்று கைகொடுக்கும். முழுக்க முழுக்கக் கரண்ட் வண்டி வாங்கித் தொலைக்காதே. பெட்ரோல் தீர்ந்தால் ஒரு கேனில் வாங்கிவரலாம். கரண்ட் தீர்ந்தால் எந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய்? நீ குடியிருப்பது மூன்றாவது மாடி. ஜன்னல் வழியாக ஒயரைத் தொங்கவிடப் போகிறாயா? குளிரில் பேட்டரி பாதிக்குப் பாதி படுத்துவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

குட்டி உன் கட்சி. பள்ளி வேன் டிரைவர் வரைக்கும் "அம்மா பாஸாயிட்டாங்க" என்று சொல்லி முடித்துவிட்டாள். அவர் என்னிடம் வந்து, "மாஸ்டர், நீங்க சொல்லிக்கொடுத்ததா?" என்று கேட்டார். நான் டயருக்குக் காற்று பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

மாஸ்டர்

*

அக்டோபர் 25

அன்புள்ள மாஸ்டருக்கு,

வண்டி வாங்கிவிட்டேன். கரண்ட் வண்டிதான். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

கடைக்கு நானும் பெரிய சிஸ்டரும் போனோம். பெரிய சிஸ்டர் தலைவி மட்டும் இல்லை. எனக்கு அக்கா மாதிரி, சில நாள் மாமியார் மாதிரி. விற்பனைக்காரர் என்னைப் பார்த்ததும், "வீட்டுக்காரர் வரலையா? அவர் இருந்தா விவரமா சொல்லிடலாம்" என்றார். நான், "ஓட்டப்போறது நான். எனக்கே விவரமா சொல்லுங்க" என்றேன். அந்த ஒரு நிமிஷம் நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. வண்டியைப் பற்றிக் கேட்க இல்லை. அந்த ஆளை நீங்கள் ஒரு முறை முறைத்திருப்பீர்கள்.

நீங்கள் சொன்ன ஹைப்ரிட்டையும் ஓட்டிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் என் ஓட்டம் வேறு. காலையில் ஆஸ்பத்திரி, அங்கிருந்து நாலைந்து வீடுகள், திரும்பவும் ஆஸ்பத்திரி. நான் உள்ளே வேலை பார்க்கும் நேரத்தில் வண்டி வெளியே முற்றத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டு நிற்கும். ஜன்னலில் ஒயர் தொங்கவிட வேண்டியதில்லை.

குளிரைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் தள்ளிவிடவில்லை. விற்பனைக்காரரிடம் கேட்டேன். மழுப்பினார். "அப்போ ரெண்டு நாள் வண்டியக் குடுங்க, நானே பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போனேன். உறைபனி படிந்த காலையில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறினேன். ஓடக்கூடிய தூரத்தில் கால் பங்குக்கு மேலேயே குறைகிறது. குறைந்தாலும் என் வேலைக்குத் தாராளம். புது வண்டி இல்லை, ஏற்கெனவே ஒருவர் ஓட்டியது. பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சோதித்துக் காட்டிய பிறகுதான் கை நீட்டினேன்.

இன்னொன்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். இறக்கத்தில் காலை எடுத்தால் போதும், வண்டி தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பிரேக்கைத் தொடவே வேண்டாம். இறங்க இறங்கச் சார்ஜ் ஏறுகிறது. மலையே திருப்பிக் கொடுப்பது போல இருக்கிறது.

உங்களிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை, மாஸ்டர். தகவல் சொல்கிறேன். நிறம் வெள்ளை. படம் குட்டியிடம் இருக்கிறது.

உங்கள் மனைவி

*

நவம்பர் 30

சிஸ்டருக்கு,

தகவல் கிடைத்தது.

இங்கே மருந்துக்கடைக்காரர் ஒரு டயர் மாற்றுவதாக இருந்தாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மாற்றுவார். பக்கத்துத் தெருவில் யார் வண்டி வாங்கினாலும் முதலில் என்னை உட்கார வைத்து ஓட்டச் சொல்லித்தான் வாங்குவார்கள். என் வீட்டில் மட்டும் தகவல் வருகிறது.

அங்கே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது என்று குட்டி சொன்னாள். பனியில் நான் ஓட்டியதில்லை. அதனால் சொல்ல ஒன்றும் இல்லை. டயர் மட்டும் பனிக்கென்று இருப்பதாகப் பார்த்துப் போடு.

விசாப் பேச்சை இப்போது எடுக்காதே. நான் அங்கே வந்து என்ன செய்வது? சிஸ்டரின் வீட்டுக்காரர் என்ற பட்டத்தோடு ஒரு மூலையில் உட்காருவதா?

மாஸ்டர்

*

ஜனவரி 19

அன்புள்ள மாஸ்டருக்கு,

கோபத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். முந்தாநாள் நடந்தது.

பனிப்புயலில் மரங்கள் மின்கம்பிகள் மேல் சாய்ந்து மலைப்பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை. மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன். முதல் பிரசவம், நாள் ஆவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் கிளம்பியது, ஆனால் பெரிய ரோட்டில் ஒரு லாரி குறுக்கே சறுக்கி நின்றுகொண்டிருந்தது. பெரிய சிஸ்டர் எங்களைப் பார்த்து, "யாரால போக முடியும்?" என்றார். அந்தப் பெண்ணைப் பார்க்கப் ஆம்புலன்ஸ் நுழையாத பள்ளிக்கூடத்துப் பின்வழியாக நான் அடிக்கடி போயிருக்கிறேன். "நான் போறேன்" என்றேன். பிரசவப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

வண்டி முற்றத்தில் முழுச் சார்ஜோடு நின்றது. மெதுவாக ஏறினேன். கியர் மாற்றும் வெட்டு இல்லாததால் சக்கரம் ஒரே சீராகப் பனியைக் கவ்விக்கொண்டு போனது. பாதி மேட்டில் வழியை அடைத்து ஒரு கிளை. இறங்கி இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஏறிக் கிளப்பினேன். மாஸ்டர், அந்த மேட்டில் என் வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை.

கணவன் தச்சர். வாசலிலேயே நின்றிருந்தார். அந்த வீட்டில் எல்லாமே கரண்டில் ஓடுவது. சுவரெல்லாம் ஜில்லிட்டு, பேசினால் வாயிலிருந்து புகை வருகிற மாதிரி இருந்தது. நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டது. பெண். சின்ன உருவம். அழுதாள், ஆனால் அழுகையில் பலமில்லை. துடைத்து, தொப்பி போட்டு, தாயின் நெஞ்சோடு ஒட்டவைத்து இருக்கிற போர்வை எல்லாவற்றாலும் மூடினேன். தாய்க்கு ரத்தப்போக்கு கட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் அவளே வெடவெடவென்று நடுங்குகிறாள், அவள் சூட்டில் பிள்ளை எப்படிச் சூடாகும்? குழந்தையின் உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே வந்தது. குறைமாதப் பிள்ளைக்குக் குளிர்தான் எமன்.

தச்சர், "ஷெட்ல என் வேன் நிக்குது. ஹீட்டர் போட்டு அதுல உக்கார வைக்கலாமா?" என்றார். சமையலறையிலிருந்து ஒரு கதவைத் திறந்தால் ஷெட். அதன் பெரிய கதவைத் திறந்து வைத்தால் பனிக்காற்று நேராக உள்ளே அடிக்கிறது. மூடினால் டீசல் புகை. தாயையும் பிள்ளையையும் வெளியே பனியில் தூக்கிப்போகவும் முடியாது. "வேண்டவே வேண்டாம். மூடின எடத்துல என்ஜின் ஓடினா மூச்சே போயிடும். உங்க வேன வெளிய எடுங்க. என் வண்டிய உள்ள விடறேன்" என்றேன். மனுஷன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

வண்டியை உள்ளே விட்டு, பெரிய கதவை மூடி, ஹீட்டரைப் போட்டேன். தாயைப் பின் ஸீட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, பிள்ளையை நெஞ்சில் வைத்து, நான் ஸீட்டுகளுக்கு நடுவில் மண்டியிட்டுக்கொண்டேன். சத்தம் இல்லை, புகை இல்லை. சீக்கிரமே உள்ளே கதகதப்பு வந்தது.

தச்சருக்குப் பொறுக்கவில்லை. "சார்ஜ் இருக்கில்ல? இப்படியே கீழ போயிடலாம், ஓட்டுங்க" என்றார். பாதிக்கும் குறைவாகத்தான் இருந்தது. கீழே போகப் போதும். ஆனால் வழியில் இன்னொரு மரம் விழுந்திருந்தால்? நடுரோட்டில் பச்சைப் பிள்ளையோடு மாட்டிக்கொள்வதா? ஓடினால்தான் இந்த வண்டி நிறையத் தின்னும். நின்றபடி ஹீட்டருக்கு மட்டும் என்றால் கொஞ்சமாகத்தான் குடிக்கும். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், கிட்டத்தட்ட மூன்று மாதமாக இதை ஓட்டுகிறவள் நான். "நான் ஓட்டல. இங்கயே இருப்போம்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். தப்பாகிவிட்டால் அந்த முகத்தை ஆயுசுக்கும் மறக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

குழந்தையின் உள்ளங்கால் மெல்லச் சிவந்தது. பிறகு உதடு. பிறகு மார்பைத் தேடிச் சப்ப ஆரம்பித்தாள். முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்த தச்சர் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அழுகையில் ஹாரனை அழுத்திவிட்டார், நாங்கள் எல்லாரும் தூக்கிவாரிப் போட்டு, பிறகு சிரித்தோம்.

பனி தள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸ் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அதன் டிரைவர் கார்க் கதவைத் திறந்ததும், "இங்க மட்டும் வெயில் அடிக்குதே!" என்றார். தாயும் பிள்ளையும் இப்போது வார்டில் சுகம்.

இதைப் பெருமைக்காக எழுதுகிறேன். ஆமாம், பெருமைக்காகத்தான். வேறு யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வேன்?

உங்கள் மனைவி

*

ஜனவரி 21

சிஸ்டருக்கு,

பெரிய கதவை மூடினேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை.

ஹைப்ரிட் வண்டியை நிறுத்தி வைத்து ஹீட்டர் போட்டால், கொஞ்ச நேரத்தில் பேட்டரி இறங்கி என்ஜின் தானாகக் கிளம்பிவிடும். யாரும் சாவி திருப்ப வேண்டாம். அந்த மூடிய ஷெட்டில். நல்லவேளை, நீ தகவல் மட்டும் சொன்னாய்.

உன் கடிதத்தைக் காலை வகுப்பில் உரக்கப் படித்தேன். "அரை லைசென்ஸ்" என்று நான் எழுதியதற்கு நீ ஒரு பதிலும் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். எல்லாரும் கையைத் தட்டினார்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, "மாஸ்டர், அவங்க உங்ககிட்டதான் கத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டார். இந்த முறை நான் குனியவில்லை. "இல்லம்மா, அவளே கத்துக்கிட்டா" என்றேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பெருமை வந்திருக்காது.

இப்போது கேள்விகள். மேட்டில் கிளையை இழுத்துப் போட்டுவிட்டுக் கிளப்பினாயே, அப்போது பிரேக்கிலிருந்து காலை எப்போது எடுத்தாய்? வழுக்கும் இறக்கத்தில் வண்டி தானாக இழுத்துப் பிடிக்கும்போது பின்சக்கரம் விலகாதா? ஒவ்வொன்றுக்கும் விவரமாகப் பதில் எழுது. நேற்று இங்கே ஒரு கடையில் கரண்ட் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். வாங்க இல்லை, சும்மாதான். இடது கை கியரைத் தேடிப் போய்ப் போய் வெறுங்கையோடு திரும்பி வருகிறது. கடைப் பையன்களுக்குச் சிரிப்பு. சிரிக்கட்டும்.

கோடை விடுமுறைக்குக் குட்டியும் நானும் வருகிறோம். விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுது.

மாஸ்டர்

*

மார்ச் 9

அன்புள்ள மாஸ்டருக்கு,

வேலை நிரந்தரமாகிவிட்டது. பெரிய சிஸ்டர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நிற்கச் சொல்லி அறிவித்தார். அதோடு விட்டாரா? ஆஸ்பத்திரி எங்கள் பிரிவுக்குக் கரண்ட் வண்டிகள் வாங்குகிறது. மற்ற நர்ஸ்களுக்கு மலைப்பாதையில் ஓட்டிக் காட்ட வேண்டியது நானாம். நேற்று முதல் வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, உங்களுக்கு ஏன் அவ்வளவு சத்தமாகக் குரல் வருகிறது என்று. நானும் கத்தினேன். கிளட்ச் இல்லாததால் "வேகம், வேகம்" என்று கத்தினேன்.

தச்சர் வந்திருந்தார். என் வண்டியின் பின்பக்கத்தை அளந்து ஒரு மரத்தட்டு செய்து கொண்டுவந்து பொருத்தினார். பிள்ளை நிறுக்கும் தராசும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் இனி உருளாது. வேண்டாம் என்றதற்கு, "என் பொண்ணு மொத மொதல்ல தூங்கின வீடு இது. வீட்டுக்கு வேலை செய்யக் கூடாதா?" என்றார்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில் தனித்தாளில், படம் போட்டு. விசாவுக்கு வேண்டியவற்றின் பட்டியலும் அதோடு.

மூலையில் உட்காருவதைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் லைசென்ஸ் இங்கே கொஞ்ச காலம்தான் செல்லும். பிறகு நீங்களும் முதலிலிருந்து தேர்வு எழுதி, வண்டியில் எல் போர்டு மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். இங்கே ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்குப் பஞ்சம். உங்களுக்கு மூலை காலியில்லை, மாஸ்டர். ரோடுதான் காலியாக இருக்கிறது.

உங்கள் மனைவி

*

மே 31

என் சிஸ்டருக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். குட்டி வந்ததிலிருந்து உன் மலையைத்தான் படம் வரைகிறாள். நாம் பேசியபடி அங்கேயே வந்துவிடுவதற்காக, அவளுடைய பள்ளி மாற்றத்துக்குச் சொல்லியாகிவிட்டது. என் டிரைவிங் பள்ளியை, என்னிடம் படித்து என்னிடமே மாஸ்டராக இருக்கும் பெண் எடுத்துக்கொள்கிறாள். பலகையில் என் பெயரை எடுக்க மாட்டேன் என்கிறாள். எடுக்கச் சொல்லிவிட்டேன். அவள் பெயர் வரட்டும்.

எல் போர்டு மாட்டிக்கொள்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் தேர்வுக்குக் கியர் வண்டியில்தான் போவேன். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அங்கே இருந்தபோது நேரில் சொல்ல வேண்டும் என்று நினைத்தது ஒன்று இருக்கிறது. வாய் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் கண்ணை மூட முடியாது. பஸ்ஸில் போனாலும் டிரைவருக்கு முன்னால் என் கால் பிரேக்கை அழுத்தும். எத்தனை தூரம் போனாலும் விழித்துக்கொண்டே போவேன். இத்தனை வருஷத்தில் ஒருத்தர் வண்டியிலும் நான் தூங்கியதில்லை. என்னிடம் படித்தவர்களில் யார் ஓட்டினாலும் சரி.

நாங்கள் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்திலிருந்து நீ ஓட்டினாய். மழை பிடித்துக்கொண்டது. குட்டி பின்னால் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். நீ ஒரு பெரிய லாரிக்கு வழிவிட்டு, கண்ணாடியைப் பார்த்து, அலுங்காமல் பக்கத்துத் தடத்துக்கு மாறினாய். அதுவரைதான் நினைவிருக்கிறது. கண் திறந்தபோது வண்டி உன் கட்டடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. என் மேல் உன் கோட்டு கிடந்தது.

"பேசாம இரு, அப்பாவுக்குப் பயணக் களைப்பு" என்று நீ குட்டியிடம் மெல்லச் சொன்னது காதில் விழுந்தது. நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

களைப்பெல்லாம் ஒன்றுமில்லை. விமானத்திலேயே நன்றாகத் தூங்கிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

மாஸ்டர்